கூழும் கொன்சல்டன்டும்: ஆலோசகர் ஒப்பந்தம் எப்படி இயங்குகிறது?

ஒடியற் கூழுக்கு மா கரைக்கிற வேலையை யாழ்ப்பாணத்து வீடுகளில் எல்லோரிடமும் விடமாட்டார்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒடியலில் கசப்பு இருக்கும். இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை மெல்லச் சரித்து ஊற்றி, மறுபடி நீர் விட்டு, மறுபடி சரித்து, கசப்புப் போய்விட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு கை வேண்டும். பெரும்பாலும் அது அம்மம்மாவின் கை. மீன், நண்டு, இறால் என்று எதை அள்ளிப் போட்டாலும், அந்தக் கை பிசகினால் பானை முழுக்கக் கசக்கும்.

அம்மம்மா இல்லாத வீட்டில் கூழ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறோம். கூலி பேசுகிறோம். அவர் நம் குசினிக்குள் வருகிறார்; நம் பானை, நம் விறகு, நம் வீட்டு மிளகாய்த்தூள். குடிக்கப்போவதும் நாம். ஒரு தொண்டு நிறுவனம் ஆலோசகரை அமர்த்துவதும் இப்படித்தான் இயங்குகிறது. குடாநாட்டில் இதைக் கொன்சல்டன்ட் என்பார்கள், ஆலோசகர் என்பார்கள், கடிதத்தில் உசாத்துணைவர் என்று எழுதுவார்கள். முன்மொழிவு எழுத, திட்டம் தொடங்கும் முன் ஊரின் நிலையைக் கணக்கெடுக்க, முடிந்த பின் மதிப்பிட, ஐந்தாண்டுத் திட்டம் வகுக்க, கணக்குக் கையேடு தயாரிக்க, பயிற்சி நடத்த என்று ஆளைத் தேடுகிறார்கள். நல்லவர் கிடைத்தால் நிறுவனம் ஓர் அடி உயரும். கிடைக்காவிட்டால் அலுமாரியில் ஓர் அறிக்கை கூடும்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், பானை ஏற்றுவதிலிருந்து பந்தி முடிவது வரை படிப்படியாகச் சொல்கிறேன்.

பசி யாருடையது?

அடுப்பு மூட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. வடக்கில் நடக்கும் ஆலோசனை வேலைகளில் கணிசமான பங்கு, நிறுவனம் கேட்டு வருவதில்லை. நிதி தரும் இடத்தின் ஒப்பந்தத்தில் "இடைக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காக ஆள் தேடுவார்கள். என்ன கேட்பது என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் உதவிக் குழு 1991இல் வகுத்த ஐந்து அளவுகோல்கள் உலகமெங்கும் புழக்கத்தில் உள்ளன: பொருத்தம், பயன்விளைவு, செயற்றிறன், தாக்கம், நிலைபேறு. 2019இல் ஒத்திசைவு என்ற ஆறாவதைச் சேர்த்தார்கள். நல்ல கேள்விகள்தாம். ஆனால் பருத்தித்துறைப் பக்கம் தையல் நிலையம் நடத்தும் ஒரு மாதர் சங்கத்துக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறாக இருக்கலாம். பயிற்சி முடித்த பிள்ளைகள் ஏன் ஆறு மாதத்தில் மெஷினை மூடிவைக்கிறார்கள்? அதுதான் அந்த வீட்டின் பசி. அதை ஒரு வரியில் எழுத முடியாத நிறுவனம் ஆளைக் கூப்பிடக் கூடாது. எழுத முடிந்தால், நிதி தருபவரின் ஆறு கேள்விகளுக்குப் பக்கத்தில் ஏழாவதாக அதை வைக்கும்படி கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நாம் கேட்பதில்லை என்பதுதான் குறை.

எந்த வகைச் சமையல்காரர்?

நிறுவன ஆலோசனை பற்றி எழுதியவர்களில் எட்கர் ஷைன் என்ற அமெரிக்க உளவியலாளர் முக்கியமானவர். 1969இல் வந்த அவருடைய நூல் மூன்று வகை உறவைப் பிரித்துக் காட்டியது. நம் குசினியில் வைத்துப் பார்த்தால் மூன்றும் எளிதில் விளங்கும்.

முதலாமவர் கலியாணச் சமையல்காரர். 400 பேருக்கு மத்தியானச் சாப்பாடு, 12 மணிக்குப் பந்தி என்று சொன்னால் போதும். கிடாரத்தை ஏற்றி இறக்கிக் காசை வாங்கிக்கொண்டு போவார். நமக்குத் தேவை சோறு, சமையல் படிப்பு இல்லை. கணக்காய்வு, கட்டட வரைபடம், இணையத்தளம் போன்றவற்றுக்கு இவர்தான் சரி. இரண்டாமவர் கறியை நாக்கில் வைத்துப் பார்த்து, "வெந்தயம் கருகிப்போச்சு" என்று சொல்பவர். வைத்தியர் போல: நோயைக் கண்டு மருந்து எழுதுவார், மருந்தைக் குடிப்பது நம் பொறுப்பு. மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாமவர் பலகாரச் சூட்டுக்கு வருகிற கைதேர்ந்த அக்கா. கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து அயலட்டைப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடும்போது, தாச்சியடியில் அந்த அக்கா இருப்பார். ஆனால் எல்லாவற்றையும் தானே சுடமாட்டார். "எண்ணெய் காயட்டும் பிள்ளை, இப்ப போடாதை", "இனித் திருப்பு" என்று பக்கத்தில் இருப்பவளின் கையைப் பழக்குவார். அடுத்த கலியாணத்தில் அந்தப் பிள்ளை தாச்சியடியில் இருப்பாள். ஷைன் தம் வாழ்நாளில் கூடுதலாக வாதாடியது இந்த மூன்றாவது உறவுக்காகத்தான்.

பிசகு வருவது, மூன்றாமவர் தேவைப்படும் இடத்தில் முதலாமவரைப் பிடிக்கும்போது. ஐந்தாண்டுத் திட்டத்தை ஒருவர் கொழும்பிலிருந்து எழுதி அனுப்பினால் அது அழகாக இருக்கும். ஆனால் நிர்வாக சபையில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபருக்கும், களத்துக்குப் போகும் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்காது. பங்கில்லாத திட்டத்தை யாரும் கையில் எடுப்பதில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே பெரிய சான்று இருக்கிறது. போருக்குப் பின் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. வடக்கில் முன்னோடியாகக் கட்டிய முதல் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தன. 2012 ஒக்டோபரில் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது முறையை மாற்றினார்கள். வடக்கு கிழக்கில் 45,000 குடும்பங்கள், புதிதாகக் கட்டும் வீட்டுக்கு 5,50,000 ரூபா, பணம் தவணை தவணையாக நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு. மேசனை அமர்த்துவதும், மணலும் சீமெந்தும் வாங்குவதும், சாமியறை எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதும் வீட்டுக்காரர். ஐ.நா. வாழ்விட அமைப்பு, செஞ்சிலுவை, ஹபிடாட் போன்றவற்றின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் வந்து அத்திவாரம் சரியா, வளையம் கட்டினார்களா என்று பார்த்து அடுத்த தவணைக்குச் சிபாரிசு செய்தார்கள். நிபுணர் இருந்தார்; அகப்பை வீட்டுக்காரர் கையில் இருந்தது. குறைகளும் இருந்தன. சாமான் விலை ஏறி, தொகை போதாமல் கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனாலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. அவற்றில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அறிவார்கள்.

இதன் எதிர்ப்பக்கத்தையும் விரைவிலேயே கண்டோம். 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு வீடு 21 இலட்சம் ரூபாவை ஒட்டி. நம் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் இது தாங்குமா, இதே காசில் எத்தனை கல்வீடு கட்டலாம் என்று கேட்டவர்கள் உள்ளூர்ப் பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் சிவில் அமைப்பினரும். பொதுநலத்துக்காகப் பேசினார்கள், அந்தத் திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. ஆலோசனை என்றதும் கொழும்பையும் ஜெனீவாவையும் பார்க்கும் நம் நிறுவனங்கள் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்வு இது.

சாமான் துண்டு

கலியாணச் சமையல்காரர் முதல்நாள் வந்து கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எத்தனை பேர்? மரக்கறியா, மச்சமா? எத்தனை மணிக்குப் பந்தி? எத்தனை அடுப்பு, எத்தனை கைகள்? பிறகு சாமான் துண்டை எழுதித் தருவார். நிறுவன வேலையில் இந்தத் துண்டின் பெயர் பணி வரையறை, வாய்ப்பேச்சில் ரி.ஓ.ஆர். என்ன நோக்கம், எந்தக் கேள்விகள், எந்த ஊர்கள், எத்தனை நாள், என்ன கையளிக்க வேண்டும், யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

துண்டைச் சமையல்காரரே எழுதட்டும் என்று விடுவது ஒரு தவறு. பழைய துண்டைப் பிரதி எடுப்பது இன்னொன்று. வலிகாமத்தில் வேலை செய்த ஒரு நிறுவனத்தின் பணி வரையறை ஒருமுறை என் கைக்கு வந்தது. நான்காம் பக்கத்தில் மட்டக்களப்பு என்ற பெயர் அழிபடாமல் இருந்தது. அதைக் கண்டபோது எனக்குக் கவலையாக இருந்தது. அந்த நிறுவனத்தில் யாரும் அந்தத் தாளை உட்கார்ந்து வாசிக்கவில்லை என்று அது சொல்லிற்று.

மூன்றாவது தவறு, சின்னச் சட்டியில் பெரிய சமையல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 நாள் வேலை. பழைய ஆவணங்களை வாசிக்க 3 நாள். கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வந்து போக 2 நாள். எழுத 6, திருத்த 2, கூட்டங்களுக்கு 2. களத்துக்கு மிஞ்சுவது 5 நாள். அந்த ஐந்து நாளுக்குள் வடமராட்சி கிழக்கு, தென்மராட்சி, நெடுந்தீவு என்று மூன்று இடமும் 25 கேள்விகளும் துண்டில் இருந்தால், ஆலோசகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒவ்வொன்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுத்தான் போவார். நெடுந்தீவுக்கு மட்டும் குறிகாட்டுவானில் படகுக்குக் காத்திருந்து போய்வர ஒரு நாள் கரையும். கேள்விகளை ஐந்தாகக் குறையுங்கள், அல்லது நாட்களைக் கூட்டுங்கள். இரண்டுக்கும் மனமில்லாத இடத்தில் அறிக்கை மெலிந்துதான் வரும்.

ஆளைத் தெரிவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளம்பரம் போட்டு, தொழில்நுட்ப முன்மொழிவையும் விலையையும் தனித்தனி உறையில் வாங்கி, தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று புள்ளியிடும் முறையை ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் போன்றவை கையாளுகின்றன. சிறிய சங்கத்துக்கு இவ்வளவு தேவையில்லை. இரண்டு காரியம் செய்தால் போதும். அவர் முன்பு எழுதிய ஓர் அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அவர் முன்பு வேலை செய்த ஊரில் ஒருவரோடு பேசுங்கள், அலுவலகத்தில் இருப்பவரோடு இல்லை, ஊரில் இருப்பவரோடு. "அந்த அம்மா வந்து எங்களோட இருந்து கதைச்சவ" என்று ஒரு வாய்ச்சொல் வந்தால், அது நான்கு பக்கச் சுயவிவரத்தைவிடப் பெறுமதியானது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 முதல் இங்கே இருக்கிறது. இலங்கை மதிப்பீட்டுச் சங்கம் 1999 முதல் இயங்குகிறது. ஆள் இல்லை என்பது இனிமேலும் சொல்லக்கூடிய காரணமில்லை. தூரத்திலிருந்துதான் ஒருவரை எடுக்க வேண்டும் என்றால், இங்கத்தைய பட்டதாரிப் பிள்ளை ஒருவரை முழு நாட்களும் கூலியோடு அவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். மொழிபெயர்ப்பாளராக மட்டும் வைத்திருக்காமல், கேள்வி தயாரிப்பதிலும் எழுதுவதிலும் பங்கு கொடுங்கள்.

இலவசமாக வருபவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களை ஒட்டி ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் நம் உறவுகளில் கணக்காளரும் பொறியியலாளரும் வைத்தியரும் உண்டு. "அண்ணை, எங்கட சங்கத்துக்கும் கொஞ்சம் பாருங்கோ" என்று கேட்டால் மனமுவந்து இரண்டு கிழமை தருவார்கள். அந்த அன்புக்கு விலையில்லை. அதனாலேயே அவர்களுக்கும் ஒரு பக்கப் பணி வரையறை வேண்டும். எதைச் செய்து முடிக்க வேண்டும், போன பிறகு யாரிடம் கேட்பது, தொடங்கியது பாதியில் நின்றால் யார் தொடர்வது என்று எழுதிவைப்பது அவரை மதிப்பதாகும். எழுதாவிட்டால், அடுத்த ஆவணி வரை அரைவேக்காட்டுப் பானை அடுப்பிலேயே இருக்கும்.

கூலியும் ஒப்பந்தமும்

கூலியை முழுக்க முன்னுக்குக் கொடுக்கக் கூடாது. முழுக்கப் பின்னுக்கும் வைக்கக் கூடாது. தொடக்க அறிக்கைக்கு ஒரு பங்கு, முதல் வரைவுக்கு ஒரு பங்கு, இறுதிக்கு மீதி என்று பிரிப்பது வழக்கம். தனியாளாக வேலை செய்யும் ஆலோசகரும் அடுப்பெரிக்க வேண்டியவர். தவணையை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது அநீதி. வரியையும் முதலிலேயே பேசுங்கள். 2023 ஜனவரி முதல், நாட்டில் வதியும் தனியாளுக்கு மாதம் 1,00,000 ரூபாவுக்கு மேல் போகும் இத்தகைய சேவைக் கட்டணத்தில் 5 சதவீதத்தைக் கொடுப்பவரே பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும் ஏற்பாடு வந்தது. வீதமும் எல்லையும் மாறக்கூடியவை, கையெழுத்துக்கு முன் கணக்காளரைக் கேட்பது நல்லது. பேசாமல் விட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வரும்.

இன்னொரு வரியை ஒப்பந்தத்தில் தவறாமல் சேருங்கள். ஆலோசகர் திரட்டும் ஒலிப்பதிவுகளும் பெயர்ப் பட்டியல்களும் யாருக்குச் சொந்தம், எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தைவிட நம் ஊரின் அனுபவமே போதுமான காரணம். காணாமலாக்கப்பட்ட ஒருவரைப் பற்றி அவருடைய தாய் சொன்ன சொற்கள் யாருடைய மடிக்கணினியில் கிடக்கின்றன என்பது எங்களுக்குச் சின்ன விடயம் இல்லை.

புளியைக் கடைசியில் விடுங்கள்

இனி அடுப்படிக்கு வருவோம். கூழில் எதை எப்போது போடுவது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வேக நேரமெடுப்பவை முதலில்: பலாக்கொட்டை, மரவள்ளி, கொஞ்ச அரிசி, பிறகு பயற்றங்காய். அடுத்து மீன், நண்டு, இறால். பின்பு கரைத்த ஒடியல் மா. இறக்கும் நேரத்தில்தான் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும். புளியை முதலே விட்டால் கொட்டையும் கிழங்கும் வேகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். எத்தனை விறகு வைத்தாலும் இளகாது.

ஆலோசகர் வேலையும் இந்த ஒழுங்கைத்தான் கேட்கிறது. வந்த முதல் நாளே "ஏன் இலக்கை அடையவில்லை? ரசீது எங்கே?" என்று தொடங்குபவர் புளியை முதலில் விடுகிறார். கள உத்தியோகத்தர்கள் விறைத்துப்போவார்கள். பிறகு கேட்கும் எதற்கும் கோப்பில் இருக்கும் பதில்தான் வரும். நிறுவனம் எப்படித் தொடங்கிற்று, யார் யார் சேர்ந்தார்கள், எந்த ஆண்டு எது உடைந்தது என்ற கதையை முதலில் கேட்பவருக்கு உண்மை தானாக இளகி வரும். புளிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புளி இல்லாத கூழ் கூழில்லை. நேரம் அறிந்து விட வேண்டும்.

தொடக்க அறிக்கை என்பது இந்த ஒழுங்கைத் தாளில் எழுதிக் காட்டுவது. பெரும்பாலான நிறுவனங்கள் இதைச் சடங்காக வாங்கி வைக்கின்றன. உண்மையில் பானை அடுப்பில் ஏறுமுன் திருத்தக் கிடைக்கும் கடைசிச் சந்தர்ப்பம் அதுதான். எந்த நாள், எந்த ஊர், யாரோடு பேசுவார் என்று அதில் தேடிப் பாருங்கள். ரொபேர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட நூலில், வெளியிலிருந்து கிராமத்துக்கு வருபவர்களின் கண்ணை மறைப்பவை எவை என்று விளக்கினார். தார் வீதியை ஒட்டியே போவது, திட்டம் நடந்த இடத்தை மட்டும் பார்ப்பது, முன்னுக்கு வந்து பேசும் ஆண்களையும் வசதியானவர்களையும் கேட்பது, மழையில்லாத காலத்தில் வருவது. நாற்பது ஆண்டு கடந்தும் நம் குடாநாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. பத்து மணிக்குச் சனசமூக நிலையத்தில் கூட்டம் என்றால் கூலிக்கு வெங்காயம் கிண்டப் போகும் பெண் வரமாட்டாள். விடியப்புறம் கடலால் வந்தவர் நித்திரையில் இருப்பார். ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தக் குடியிருப்புக்குள் வெள்ளம் நிற்கிறது என்பது ஆடி மாதம் குளிரூட்டிய வாகனத்தில் வருபவருக்குத் தெரியாது. பின்னேரக் கூட்டம், கடற்கரையில் வலை தெரியும் நேரம், ஒரு வீட்டுத் திண்ணை என்று தொடக்க அறிக்கையிலேயே மாற்றிக் கேளுங்கள்.

கேட்பவர்களின் பக்கம் மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. பதில் சொல்பவர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். 2010இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவிலிருந்து 2016இன் கலந்தாலோசனைச் செயலணி வரை, அரசுக் குழுக்களிடம் திரும்பத் திரும்பச் சாட்சி சொன்ன பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இடையில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கெடுப்பும் மதிப்பீடும் வேறு. மருதங்கேணிப் பக்கத்து முற்றமொன்றில், வினாக்கொத்தோடு வந்த இளைஞரிடம் ஒரு தாய் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போன வருசமும் ஒரு பிள்ளை வந்து இதைத்தான் கேட்டவ. அதுக்கு முதல் ரண்டு பேர் வந்தவை. எழுதிக்கொண்டு போனவை. பிறகு ஒருத்தரும் வரேல்லை. அந்த எழுத்தெல்லாம் எங்க தம்பி?"

இளைஞர் தலைகுனிந்து, "எனக்குத் தெரியாதம்மா" என்றார். அவரிடம் பிழையில்லை. அந்த வீட்டில் முன்பு எடுத்த தகவல் ஏற்கனவே ஏதோ ஒரு கோப்பில் இருந்தது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தத் தாயை நான்காவது முறை அழவைத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுப் பானையில் இருப்பதைப் பார்க்காமல் சந்தைக்கு ஓடுவது போன்றது இது. ஆலோசகர் வருமுன் உங்கள் அலுமாரியிலுள்ள பழைய அறிக்கைகளை எடுத்து அடுக்கிவையுங்கள்.

உப்புப் பார்ப்பது யார்?

வரைவு வந்துவிட்டது. இப்போது உப்புப் பார்க்கும் நேரம். நிறுவனம் தகவற் பிழைகளைத் திருத்தலாம்: ஊரின் பெயர், தொகை, திகதி. தீர்ப்பைத் திருத்தக் கூடாது. "உங்கள் கடன் திட்டம் வசதியான குடும்பங்களுக்கே போயிருக்கிறது" என்று ஆலோசகர் எழுதியிருந்தால், அதை மென்மையாக்கச் சொல்லிக் கடைசித் தவணையைப் பிடித்துவைப்பது பெரும் பிழை. அவருடைய தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். ஏன் உடன்படவில்லை, எதை ஏற்றுக்கொள்கிறோம், எப்போது திருத்துவோம் என்று முகாமைப் பதில் ஒன்றை எழுதிப் பின்னால் இணையுங்கள். கசப்பைச் சொல்லத் துணிந்தவரை இழந்தால், அடுத்து வருபவர் இனிப்பை மட்டுமே சொல்வார்.

ஆனால் உப்புப் பார்க்க வேண்டிய நாக்கு அலுவலகத்தில் மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வடமராட்சி கிழக்கின் கரையோர ஊர்களை அடித்துக்கொண்டு போன பின், உலகம் முழுவதிலிருந்தும் உதவியும் நிபுணர்களும் வந்தார்கள். பாதிப்புற்ற நாடுகள் அனைத்துக்குமாக 1,350 கோடி டொலர் சேர்ந்தது. அந்த உதவியை ஆராயப் பல நிறுவனங்கள் கூட்டாக அமைத்த ஆழிப்பேரலை மதிப்பீட்டுக் கூட்டணி 2006இல் அறிக்கை வெளியிட்டது. உயிர்களைக் காப்பாற்றிய முதல் வேலையை ஏறக்குறைய முழுக்கச் செய்தவர்கள் ஊர்மக்களே. பின்னால் வந்த பெரிய நிறுவனங்கள் பல இடங்களில் அந்த உள்ளூர்த் திறனை ஒதுக்கித் தள்ளின. இனி உதவியை வழங்குவது என்பதிலிருந்து மக்களின் சொந்த முன்னுரிமைகளுக்குத் துணைநிற்பது என்பதற்கு முறை மாற வேண்டும். இவை அதன் முக்கியமான முடிவுகள். உள்ளூர்த் திறன் பற்றிய பகுதியை எழுதியவர்களில் ஒருவர் இலங்கைப் பேராசிரியர் அர்ஜுன பராக்கிரம. பத்து ஆண்டு கழித்து, 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில், அவசரகால நிதியில் 25 சதவீதம் இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று பெரிய கொடையாளிகள் உடன்பட்டார்கள், இலக்கு 2020. அந்த ஆண்டு வந்து போயிற்று, இலக்கு எட்டப்படவில்லை.

ஆழிப்பேரலை அறிக்கை நல்ல அறிக்கை. ஆனால் அதற்குத் தங்கள் அனுபவத்தைக் கொடுத்த கரையோர ஊர்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள்? ஆங்கில அறிக்கை கொழும்புக்குப் போகிறது, அங்கிருந்து கடல் கடந்து போகிறது. தமிழ் இந்த நாட்டில் 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் முதல் அரச கரும மொழி. நம் தொண்டு நிறுவனங்களின் மதிப்பீட்டு அறிக்கைகள் மட்டும், நான் கண்டவரையில், தமிழுக்குத் திரும்புவது அரிது. கூழைக் காய்ச்சி முழுவதையும் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, விறகும் மீனும் கொடுத்த வீட்டை வெறும் பிளாவோடு இருத்துவது போன்றது இது. ஆலோசகர் நேர்மையானவராக இருக்கலாம், நிறுவனம் நல்லதாக இருக்கலாம். இந்த ஒரு படி தவறினால் மற்ற எல்லாமும் பாதிதான்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. அறுபது பக்கத்தையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆறு பக்கத் தமிழ்ச் சுருக்கம், ஒரு பின்னேரம், ஒரு சனசமூக நிலையம், தேத்தண்ணி. "நீங்கள் சொன்னதை இப்படி விளங்கிக்கொண்டோம், சரியா?" என்று ஆலோசகரே நின்று வாசிக்க வேண்டும். ஊர் ஒன்றிரண்டு இடத்தில் "இல்லைத் தம்பி, அது அப்படியில்லை" என்று சொல்லும். அந்தத் திருத்தங்களோடுதான் இறுதி அறிக்கை முடிய வேண்டும். வேலையில் கூட இருந்த உங்கள் பிள்ளைகள் வினாக்கொத்தையும் கணக்கிட்ட முறையையும் தாங்களே மறுபடி செய்யக்கூடியவாறு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பாதி வேலைக்கு வெளியாள் தேவைப்படாது.

சங்கங்களின் தலைவிகளே, செயலாளர்களே, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் இந்த வரியைச் சேருங்கள்: "அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் தகவல் தந்த ஒவ்வொரு ஊரிலும் ஆலோசகரால் நேரில் வாசிக்கப்பட்டு, அங்கு சொல்லப்பட்ட திருத்தங்கள் பதியப்பட்ட பின்னரே இறுதித் தவணை வழங்கப்படும்." நிதி தருபவர் இதற்கு இரண்டு நாட் கூலியும் போக்குவரத்துச் செலவும் கூடத் தர வேண்டியிருக்கும். கூசாமல் கேளுங்கள்.